உணவு ஆலைக்குப் பாமாயில்: குலை ஏறிய லாரி வரை தேடிப் போவது எப்படி

கேள்வியின் சுருக்கம் இது. பிஸ்கட், கேக், வறுத்த தின்பண்டங்கள் செய்யும் நடுத்தர நிறுவனம் ஒன்று ஆண்டுக்குச் சில நூறு டன் பாமாயில் வாங்குகிறது. காடழிப்பு இல்லாத, சான்று பெற்ற எண்ணெய்தான் வேண்டும் என்று அதன் பெரிய வாடிக்கையாளர் எழுதிவிட்டார். சான்றிதழ் வைத்திருக்கும் சப்ளையருக்கு மாறினால் வேலை முடிந்ததா? அல்லது பாமாயிலையே விட்டுவிடுவது நல்லதா?

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பலர் அங்கேதான் தடம் மாறுகிறார்கள். எண்ணெய்ப்பனை ஒரு ஹெக்டேரில் சராசரியாக ஆண்டுக்கு மூன்றரை டன் அளவுக்கு எண்ணெய் தரும். சூரியகாந்தியும் கடுகு இன ரேப்சீடும் முக்கால் டன்னை ஒட்டி நிற்கும், சோயா அரை டன்னைத் தொடுவதே கடினம். 100 டன் பாமாயிலுக்கு ஏறக்குறைய 29 ஹெக்டேர் போதும். அதே எண்ணெயைச் சூரியகாந்தியில் எடுக்க 130 ஹெக்டேருக்கு மேல் வேண்டும். சோயாவில் 200 ஹெக்டேரையும் தாண்டும். (சோயா முக்கியமாகப் பிண்ணாக்குக்காகவே விளைகிறது, ஆகவே அந்த ஒப்பீட்டை அப்படியே எடுத்துக்கொள்வது நியாயமாகாது.) பாமாயிலில் பாதி நிறைவுற்ற கொழுப்பு. அதனால் ஹைட்ரஜன் ஏற்றாமலேயே அது அறை வெப்பத்தில் பாதி கெட்டியாக நிற்கும். டிரான்ஸ் கொழுப்பை ஒழிக்க உலக சுகாதார நிறுவனம் 2018-ல் அழைப்பு விடுப்பதற்கு முன்பே பல ஆலைகள் வனஸ்பதியிலிருந்து பாமாயிலுக்கு வந்ததற்கு அதுதான் காரணம். எண்ணெயை மாற்றினால் நிலத்தின் மீதான அழுத்தம் வேறொரு நாட்டுக்கு நகரக்கூடும். சேதம் பயிரில் இல்லை. எந்த நிலத்தை அழித்து நட்டார்கள், யாருடைய உழைப்பில் அறுத்தார்கள் என்பதில்தான் இருக்கிறது. ஆகவே விட்டுவிடாதீர்கள், எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போங்கள்.

முதல் கேள்விக்கு என் பதில்: சான்றிதழ் அவசியம், ஆனால் அது பாதி வேலைதான். மீதிப் பாதி, தோட்டத்துக்கும் பழத்திலிருந்து எண்ணெய் எடுக்கும் ஆலைக்கும் நடுவே ஓடும் லாரியில் இருக்கிறது. ஏன் என்று பார்ப்போம்.

உலகப் பாமாயிலில் சுமார் 85 சதவீதம் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. அதில் கணிசமான பங்கு சில ஹெக்டேர் மட்டுமே வைத்திருக்கும் சிறு விவசாயிகளுடையது. இரண்டு ஹெக்டேர்காரர் ஒருவர் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை குலை, அதாவது பனைப் பழக்கொத்து, வெட்டுகிறார். ஒரு வெட்டுக்கு ஒரு டன்னை ஒட்டிக் கிடைக்கும். அந்த ஒரு டன்னை எடுத்துக்கொண்டு அவரால் ஆலைக்குப் போக முடியாது. ஊருக்குள் இருக்கும் தரகர் எடைபோட்டு, கையில் காசு கொடுத்து, இன்னும் பத்துப் பேருடைய குலைகளோடு சேர்த்து லாரியில் ஏற்றுகிறார். வெட்டிய குலையில் கொழுப்பை உடைக்கும் லைபேஸ் நொதி உடனே வேலையைத் தொடங்கிவிடும். நேரம் போகப் போக எண்ணெயில் கட்டற்ற கொழுப்பு அமிலம் ஏறும். அதனால் 24 மணி நேரத்துக்குள், மிஞ்சிப்போனால் 48 மணி நேரத்துக்குள், குலை ஆலைக்குள் போயாக வேண்டும். லாரி அன்றைக்கு எந்த ஆலை கூடுதல் விலை தருகிறதோ, எங்கே வரிசை குறைவோ அங்கே போகும். எடைமேடையில் பதிவாவது தரகர் பெயரும் வண்டி எண்ணும்தான். அந்தப் பத்துத் தோட்டங்களில் ஒன்று நேற்றுவரை காடாக இருந்ததா என்பது அந்தச் சீட்டில் இருக்காது.

மணிக்கு 45 டன் குலை அரைக்கும் ஆலை, நாளுக்கு 20 மணி நேரமாக 300 நாள் ஓடினால் 2,70,000 டன் குலை வேண்டும். ஹெக்டேருக்கு 15 டன் எடுக்கும் இரண்டு ஹெக்டேர் விவசாயிகளிடமிருந்தே அத்தனையும் வருவதாக வைத்தால் 9,000 பேர். ஒரே ஓர் ஆலைக்கு இது. உங்கள் சுத்திகரிப்பு ஆலை இப்படிப்பட்ட பல ஆலைகளிடமிருந்து கச்சா எண்ணெய் வாங்குகிறது. ஆலை வரைக்கும் தடம் காண்பது இன்று பெரிய விஷயமில்லை, பெரும்பாலான பெரிய வணிகர்கள் பட்டியல் தருகிறார்கள். ஆலையிலிருந்து தோட்டத்துக்குப் போகும் அந்த முதல் மைலில்தான் தடம் அறுகிறது.

சரி, உங்கள் கிடங்கிலிருந்து தொடங்குவோம். முதலில் நீங்கள் உண்மையில் எவ்வளவு பனை எண்ணெய் பயன்படுத்துகிறீர்கள் என்று எண்ணுங்கள். பாமாயில் என்று எழுதியிருக்கும் டின்னை மட்டும் எண்ணினால் கணக்குத் தவறும். ஷார்ட்டனிங் (பிஸ்கட், கேக்குக்கான கெட்டிக் கொழுப்பு), மார்கரின், கிரீம் நிரப்பும் கொழுப்பு, சாக்லேட் பூச்சுக்கான கோகோ வெண்ணெய் மாற்று (இது பெரும்பாலும் பனங்கொட்டை எண்ணெய்), பால் சாராத கிரீமர், சூப் தூள், மேலே தெளிக்கும் மசாலாக் கலவையில் இருக்கும் தூள் கொழுப்பு என்று அது பல வேடத்தில் வரும். இன்னும் ஒளிந்திருப்பவை கூட்டுப்பொருட்கள்: மோனோ, டைகிளிசரைடுகளான ஐஎன்எஸ் 471 (ஐஎன்எஸ் என்பது உணவுச் சேர்க்கைப் பொருட்களுக்கான சர்வதேச எண்), டேட்டம் எனப்படும் 472இ, ஸ்டியராயில் லாக்டிலேட்டான 481, கிளிசரால் 422, மெக்னீசியம் ஸ்டியரேட். இவை சூரியகாந்தியிலிருந்தோ சோயாவிலிருந்தோகூட வரலாம், பெயரை வைத்துச் சொல்ல முடியாது. சப்ளையரிடம் எழுத்தில் கேளுங்கள்: மூலப் பயிர் எது, ஒரு கிலோவில் பனை மூலம் எத்தனை சதவீதம், பழச்சதை எண்ணெயா கொட்டை எண்ணெயா. இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சதை எண்ணெயும் கொட்டை எண்ணெயும் சான்றுக் கணக்கில் தனித்தனி, ஒன்றை வைத்து மற்றொன்றை ஈடு கட்ட முடியாது.

ஓர் உதாரணம். ஷார்ட்டனிங் 300 டன், அதில் பனை 85 சதவீதம் என்றால் 255 டன். வறுக்கும் ஓலின் (பாமாயிலைப் பிரித்தெடுக்கும் திரவப் பகுதி) 180 டன். பூச்சுக் கொழுப்பு 40 டன், முழுக்கக் கொட்டை எண்ணெய். குழம்பாக்கிகள் (மேலே சொன்ன கூட்டுப்பொருட்கள்) 6 டன். ஆக, சதை எண்ணெய் 435, கொட்டை எண்ணெய் 40, கூட்டுப்பொருள் 6. இந்த ஒரு பக்கக் கணக்கு கையில் இருந்தால் அடுத்த முடிவுகள் எல்லாம் எளிதாகும்.

உணவுத் தொழிலில் அதிகம் புழங்கும் சான்று 2004-ல் தொடங்கிய ஆர்எஸ்பிஓ, அதாவது நீடித்த பாமாயிலுக்கான வட்டமேசை அமைப்பினுடையது. உலக உற்பத்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதன் சான்றுக்குள் இருக்கிறது. இந்தோனேசியாவின் ஐஎஸ்பிஓ, மலேசியாவின் எம்எஸ்பிஓ இரண்டும் அந்தந்த நாட்டுச் சட்டப்படி கட்டாயமானவை. சட்டத்துக்கு உட்பட்டது என்பதற்கு அவை அடித்தளம், ஆனால் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் அதோடு நிற்பதில்லை.

ஆர்எஸ்பிஓ எண்ணெய் நான்கு வழியில் வரும். ஒரே சான்று ஆலையிலிருந்து கடைசிவரை தனியாகவே வருவது ‘ஐடென்டிட்டி பிரிசர்வ்டு’. பல சான்று ஆலைகளின் எண்ணெய் ஒன்றாகக் கலந்தாலும் சான்றில்லாததோடு கலக்காமல் வருவது ‘செக்ரிகேட்டட்’. சான்று பெற்றதும் பெறாததும் ஒரே தொட்டியில் கலந்துவிடும், ஆனால் வாங்கிய சான்று அளவுக்கு மேல் சான்று என்று சொல்லி விற்க முடியாது என்ற கணக்குக் கட்டுப்பாடு மட்டும் இருந்தால் ‘மாஸ் பேலன்ஸ்’. எண்ணெய் வழக்கம்போல எங்கிருந்தோ வர, சான்று பெற்ற உற்பத்தியாளரிடமிருந்து டன்னுக்கு ஒன்று என்று கிரெடிட் மட்டும் வாங்குவது ‘புக் அண்ட் கிளெய்ம்’.

இதில் எதை எடுப்பது? எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரியை வைக்க முயல்வது பண விரயம். உதாரணக் கணக்கில் ஓலினும் ஷார்ட்டனிங்கும் பெரிய அளவு, டேங்கரில் வருபவை, பல சுத்திகரிப்பாளர்களிடம் செக்ரிகேட்டட்டாகக் கிடைப்பவை. முதலில் அங்கே மாறுங்கள். கொட்டை எண்ணெய்ப் பொருட்களில் செக்ரிகேட்டட் கிடைப்பது கடினம், ஏனென்றால் கொட்டை பல ஆலைகளிலிருந்து வந்து ஒரு நொறுக்கு ஆலையில் குவிகிறது. அதற்கு மாஸ் பேலன்ஸில் தொடங்கலாம். 6 டன் குழம்பாக்கிக்காக உலகம் முழுக்கத் தேடி அலைய வேண்டாம், கிரெடிட் வாங்குங்கள். அதிலும் தனிச் சிறு விவசாயிகளுடைய கிரெடிட்டைக் கேட்டு வாங்குங்கள். இவர்களுக்கென்றே 2019-ல் தனித் தரம் வந்தது. அந்தக் கிரெடிட் காசு விவசாயிக் குழுக்களுக்குப் போய்ச் சேருகிறது, சான்று எடுக்கும் செலவைத் தாங்க உதவுகிறது. கிரெடிட்டைக் கண்துடைப்பு என்று ஒதுக்குபவர்கள் உண்டு. பெரிய அளவில் வாங்கும் ஓலினுக்கும் கிரெடிட்டே வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அது சரிதான். சின்ன அளவுக்கும், எட்டாத தொலைவில் இருக்கும் விவசாயிக்கும் அது நேர்மையான வழி.

உங்கள் ஆலைக்கும் சான்று வேண்டும். எண்ணெயைச் சொந்தமாக வாங்கி, கையாண்டு, வேறு பொருளாக்கி, அதைச் சான்று பெற்றதாக விற்கும் யாரும் விநியோகச் சங்கிலிச் சான்று எடுக்க வேண்டும். ஐந்து ஆண்டுக்குச் செல்லும், ஆண்டுதோறும் தணிக்கை உண்டு. ஆண்டுக்கு 500 டன்னுக்குள் பயன்படுத்துவோருக்கு உறுப்பினர் கட்டணம் குறைவான தனிப் பிரிவு இருக்கிறது. உதாரணக் கணக்கில் வரும் 481 டன் அதற்குள் அடங்கும். வெளியே ஒருவரிடம் கலக்கவோ பொட்டலம் போடவோ கொடுக்கிறீர்கள் என்றால் அந்த இடமும் சான்று வரம்புக்குள் வர வேண்டும். சங்கிலி அறுவது பெரும்பாலும் இங்கேதான்: சுத்திகரிப்பாளருக்குச் சான்று, உங்களுக்குச் சான்று, நடுவில் ஷார்ட்டனிங் கலந்து தரும் சிறிய ஆலைக்கு இல்லை. அவ்வளவுதான், உங்கள் கையில் இருப்பது சாதாரண எண்ணெய்.

இப்போது சரக்கு வந்திறங்கும் இடத்துக்கு வாருங்கள். டேங்கர் வாசலில் நிற்கிறது, பில் உங்கள் கையில். சப்ளையரின் சான்றிதழ் நகல் கோப்பில் இருக்கிறது என்பதற்காக இந்த லோடு சான்று பெற்றது ஆகிவிடாது. அவர் இரண்டு வகையும் விற்பவர். பில்லிலோ டெலிவரி சீட்டிலோ இவை இருக்க வேண்டும்: வாங்குபவர், விற்பவர் பெயரும் முகவரியும், ஏற்றிய தேதி, ஆவணத் தேதி, பொருளின் பெயரோடு ‘எஸ்ஜி’ (செக்ரிகேட்டட்) அல்லது ‘எம்பி’ (மாஸ் பேலன்ஸ்) என்ற மாதிரிக் குறி, அளவு, சான்றிதழ் எண், அந்தச் சரக்குக்கான தனி அடையாள எண். மாதிரிக் குறி இல்லையென்றால் அது சாதாரண எண்ணெய் என்றே எடுத்து வைக்க வேண்டும். பிறகு திருத்திய பில் வாங்கிக்கொள்ளலாம் என்று தொட்டியில் இறக்கிவிட்டால், செக்ரிகேட்டட் தொட்டி முழுதும் கெட்டது. சான்றிதழ் எண்ணை ஆர்எஸ்பிஓ இணையதளத்தில் போட்டு, காலாவதி ஆகவில்லையா, விற்கும் அந்த முகவரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே நிறுவனத்தின் இரண்டு ஆலைகளில் ஒன்றுக்கு மட்டும் சான்று இருப்பது சாதாரணம்.

செக்ரிகேட்டட் எடுத்தால் தொட்டி, குழாய், பம்ப் எல்லாம் தனியாக இருப்பது நல்லது. முடியாவிட்டால், எப்படிக் காலி செய்து, எவ்வளவு எண்ணெய் ஓட்டிக் கழுவினீர்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். மாஸ் பேலன்ஸ் என்றால் வரவும் செலவும் ஒரு கணக்கேட்டில் ஓட வேண்டும். மூன்று மாதக் கணக்குக் காலத்தை வைத்தால், அதன் முடிவில் வாங்கியதைவிட விற்றது கூடியிருக்கக் கூடாது. வறுக்கும்போது குறையும் எண்ணெய், கழிவாகப் போகும் மாவு ஆகியவற்றை உண்மையான விகிதத்தில் எழுதுங்கள். தணிக்கையாளர் முதலில் தோண்டுவது அங்கேதான்.

லேபிளில் என்ன எழுதலாம் என்பதில் கவனம் தேவை. பொருளில் உள்ள பனை மூலத்தில் குறைந்தது 95 சதவீதம் செக்ரிகேட்டட்டாகவோ அதற்கு மேலாகவோ இருந்தால்தான் ‘சான்று பெற்ற’ பாமாயில் அடங்கியது என்று வணிகக்குறியோடு சொல்லலாம். மாஸ் பேலன்ஸ் எண்ணெய்க்கு ‘மிக்ஸ்டு’ குறிதான். நீடித்த பாமாயில் உற்பத்திக்குத் துணை நிற்கிறது என்று சொல்லலாம், இந்தப் பொட்டலத்தில் அது இருக்கிறது என்று சொல்லக் கூடாது. விளம்பரக்காரர் கையில் போகும்போது இந்த வேறுபாடு கரைந்துவிடும். அச்சுக்குப் போகுமுன் ஒரு முறை நீங்களே படித்துப் பாருங்கள்.

இனி அந்த முதல் மைலுக்கு. உங்கள் சுத்திகரிப்பாளரிடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆலைப் பட்டியல் கேளுங்கள். ஆலையின் பெயர் மட்டும் போதாது. தாய் நிறுவனம், அட்சரேகை தீர்க்கரேகை, யுனிவர்சல் மில் லிஸ்ட் (உலகப் பாமாயில் ஆலைகளின் பொதுப் பட்டியல்) எண் ஆகியவையும் வேண்டும். ஒரே பெயரில் பல ஆலைகள் உண்டு, அந்த எண்தான் குழப்பத்தைத் தீர்க்கும். அந்த ஆலையை, காடுகளைக் கண்காணிக்கும் இணையதளமான குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச் வரைபடத்தில் போட்டால் சுற்றியுள்ள காடழிப்பு எச்சரிக்கைகள் தெரியும். ஆனால் இதில் ஒரு எச்சரிக்கை: 50 கிலோமீட்டர் ஆரம் என்றால் கிட்டத்தட்ட 7,850 சதுர கிலோமீட்டர். அதற்குள் எங்கோ காடு விழுந்தது என்பதால் அந்தக் குலை இந்த ஆலைக்குத்தான் வந்தது என்று ஆகாது. எங்கே கேள்வி கேட்க வேண்டும் என்பதை மட்டும் அது காட்டும்.

தோட்டம் வரை 95 சதவீதம் தடம் கண்டுவிட்டோம் என்று ஆலை சொன்னால், தரகர் வாரியாகப் பதிவான பரப்பையும் ஆண்டுக் குலை அளவையும் கேளுங்கள். வகுத்துப் பாருங்கள். நன்றாகப் பராமரிக்கும் பெருந்தோட்டமே ஹெக்டேருக்கு 25, 30 டன் எடுத்தால் பெரிய விஷயம். 100 ஹெக்டேர் பதிவு செய்த தரகர் 4,000 டன் கொண்டுவருகிறார் என்றால் ஹெக்டேருக்கு 40 டன். பதிவு செய்யாத ஏதோ ஒரு நிலத்தின் குலை அவர் லாரியில் ஏறுகிறது. இந்த ஒரு வகுத்தல் கணக்கு பளபளப்பான பல அறிக்கைகளைவிட அதிகம் சொல்லும்.

காடு எப்போது அழிந்தது என்பதும் முக்கியம், ஒவ்வொரு விதிக்கும் ஒரு வெட்டு நாள் உண்டு, அதற்குப் பின் காடழித்த நிலத்தின் எண்ணெயை அந்த விதி ஏற்காது. ஆர்எஸ்பிஓவில் முதன்மைக் காட்டையும் உயர் பாதுகாப்பு மதிப்புள்ள இடத்தையும் அழித்து நட 2005 நவம்பருக்குப் பின் தடை. கார்பன் அதிகம் சேர்ந்த இரண்டாம் நிலைக் காட்டுக்கும் 2018 நவம்பரிலிருந்து தடை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டுக் காடழிப்பு ஒழுங்குமுறை 2020 டிசம்பர் 31-ஐ வைக்கிறது. அதை நடைமுறைப்படுத்தும் நாள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை தள்ளிப்போயிருக்கிறது, ஆனால் வெட்டு நாள் மாறவில்லை. உங்கள் வாடிக்கையாளர் அந்தச் சந்தைக்கு அனுப்புபவர் என்றால் மாஸ் பேலன்ஸ் அங்கே செல்லாது. மூலம் தெரியாத எண்ணெய் கலந்தாலே முழுச் சரக்கும் தகுதி இழக்கும். ஒவ்வொரு நிலத்துக்கும் இட ஆயம் (அட்சரேகை, தீர்க்கரேகை) வேண்டும்: 4 ஹெக்டேர் வரை ஒரு புள்ளி போதும், அதற்கு மேல் எல்லைக்கோடு முழுவதும்.

பீட் நிலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீரில் மூழ்கி மக்காமல் சேர்ந்த கரிமண் அது. பனை நட வேண்டுமானால் கால்வாய் வெட்டி நீரை வடிக்க வேண்டும். வடித்த அன்றிலிருந்து அது மக்கி, தாழ்ந்து, ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சுமார் 40 டன் கார்பன் டை ஆக்சைடை வெளியிடுகிறது. கோடையில் தீப்பற்றினால் மண்ணுக்குள்ளேயே வாரக்கணக்கில் புகையும். 2015-ல் இந்தோனேசியாவில் சுமார் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்து, பக்கத்து நாடுகள் வரை மூச்சுத் திணறியதற்கு இந்தப் பீட் புகை முக்கியக் காரணம். ஆர்எஸ்பிஓ விதிகள் 2018 நவம்பரிலிருந்து எந்த ஆழத்துப் பீட்டிலும் புதிதாக நடுவதைத் தடுக்கின்றன. ஆலையிடம் கேட்க இன்னொரு கேள்வியும் உண்டு: கழிவுநீர்க் குட்டையிலிருந்து எழும் மீத்தேனைப் பிடிக்கிறார்களா? திறந்த குட்டை என்றால் ஆலையின் வாயு உமிழ்வில் பெரும்பகுதி அங்கிருந்துதான்.

உழைப்பு பற்றிய கேள்விகளை நேராகக் கேளுங்கள். வெளிநாட்டுத் தொழிலாளி வேலைக்கு வர யாருக்காவது பணம் கட்டினாரா? அவருடைய பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது? குலைக் கணக்குக்குக் கூலி என்றால், எட்டு மணி நேரத்தில் எட்டக்கூடிய இலக்கா அது? எட்டாத இலக்கு வைத்தால் மனைவியும் பிள்ளைகளும் உதிரிப் பழம் பொறுக்க வந்துவிடுவார்கள், அவர்கள் பெயர் கூலிப் பட்டியலில் இருக்காது. மருந்து தெளிப்பவர்கள் பெண்களா, தினக்கூலிகளா, கையுறையும் முகக்கவசமும் யார் தருகிறார்கள்? ‘எங்கள் கொள்கைப்படி’ என்று தொடங்கும் பதிலை ஏற்காதீர்கள், கூலிச் சீட்டு மாதிரி ஒன்றைக் கேளுங்கள்.

தரத்தையும் மறக்க வேண்டாம், சப்ளையர் மாறும்போது உற்பத்தி வரிசை நின்றுபோவது இதனால்தான். அயோடின் எண், உருகுநிலை, திடக்கொழுப்பு அளவு மூன்றையும் பழைய எண்ணெயோடு ஒப்பிடுங்கள். சுத்திகரிப்பின் வெப்பத்தில் உருவாகும் தீங்கான பொருளான கிளிசிடைல் எஸ்டர் அளவுக்கும் சான்று கேளுங்கள். வாசனை நீக்கும் கட்டத்தில் வெப்பம் 230 டிகிரியைத் தாண்டினால் அது வேகமாக ஏறும், ஐரோப்பிய ஒன்றிய வரம்பு கிலோவுக்கு 1,000 மைக்ரோகிராம்.

ஆலைப் பட்டியலில் ஒரு பிரச்சினை வெளிப்பட்டால் என்ன செய்வது? உடனே அந்த ஆலையை வெட்டிவிடச் சொல்லும் உந்துதல் வரும். பெருந்தோட்ட நிறுவனம் வேண்டுமென்றே காடு வெட்டுகிறது என்றால் நிறுத்தச் சொல்வது சரி. ஆனால் தரகர் வழியாக வந்த இரண்டு ஹெக்டேர் குலைக்காக முழு ஆலையையும் வெட்டினால், அந்தக் குலை கேள்வி கேட்காத வேறோர் ஆலைக்கு நாளைக்கே போகும். காட்டுக்கு எந்த நன்மையும் இல்லை, உங்கள் அறிக்கை மட்டும் சுத்தமாகும். ஒப்பந்தத்திலேயே இதை எழுதிவிடுங்கள்: புகார் வந்தால் 14 நாளில் முதல் பதில், 90 நாளில் தேதிகளோடு திருத்தத் திட்டம், அந்தத் தேதிகள் தவறினால்தான் கொள்முதல் நிறுத்தம், புதிய ஆலை சேரும்போது முன்கூட்டியே அறிவிப்பு. இந்த நாள் கணக்கு என் பரிந்துரைதான், உங்கள் அளவுக்கு ஏற்பக் கூட்டியோ குறைத்தோ வைக்கலாம்.

ஆண்டுக்கு 481 டன் வாங்குபவரின் குரல் சுத்திகரிப்பாளர் காதில் விழுமா என்று கேட்பீர்கள். தனியாக விழாது. அதே சுத்திகரிப்பாளரிடம் வாங்கும் இன்னும் நான்கு பேரைக் கண்டுபிடித்து, ஒரே கேள்விப் பட்டியலை ஒரே மாதத்தில் அனுப்புங்கள். 2,000 டன் கேட்கும்போது பதில் வேறு மாதிரி வரும். முதல் காலாண்டில் கணக்கெடுப்பு, இரண்டாவதில் ஓலினும் ஷார்ட்டனிங்கும் செக்ரிகேட்டட்டுக்கு மாற்றம், அதே நேரத்தில் உங்கள் ஆலைத் தணிக்கை, ஆண்டு முடிவுக்குள் முதல் ஆலைப் பட்டியலும் அந்த வகுத்தல் கணக்கும். வாடிக்கையாளருக்கு இந்த அட்டவணையையே அனுப்பலாம். எந்தப் பொருள் எந்த மாதிரியில் இருக்கிறது, எது இன்னும் மாறவில்லை என்பதை அதில் மறைக்காமல் எழுதுங்கள்.